இன்ஜினை விடுங்கடா, முதல்ல புஷ்ஷை மாத்துங்க

இதைப் படிச்சு முடிச்சதும் என் கூடப் படிக்கிற மூணு பேர் கேன்டீன்ல எனக்கு டீ வாங்கித் தர மாட்டாங்க. பரவாயில்ல, இதுவரைக்கும் நான்தான் அவங்களுக்கு வாங்கித் தந்துட்டு இருக்கேன் :-)

விஷயம் இதுதான். நாங்க நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய மாருதி எஸ்டீம் வச்சிருக்கோம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில டிராக் டே நடக்கிறப்ப ஓட்டறதுக்குன்னே வாங்கின வண்டி. பின்சீட்டு கிடையாது, ஏசி கிடையாது, பாட்டு கிடையாது. நான் பி.காம் என்கிறதால கணக்கு நோட்டு என் தலையில. மத்த மூணு பேர்ல ரெண்டு பேர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், ஒருத்தன் பிசிக்ஸ். இப்ப பொதுப் பெட்டியில 60,000 ரூபாய் சேர்ந்திருக்கு. அதை என்ன பண்றதுன்னு ஓட்டெடுப்பு நடந்துச்சு. மூணுக்கு ஒண்ணு. மூணு பேர் சொல்றது, பழைய பலேனோ செடான்ல வந்த 1.6 லிட்டர் இன்ஜினைத் தேடிப் பிடிச்சு வாங்கி, எஸ்டீமோட 1.3ஐ இறக்கிட்டு அதை ஏத்தணும். வேண்டாம்னு சொன்ன அந்த ஒரு ஓட்டு என்னோடது.

வண்டியோட இன்னிக்கு நிலைமையையும் சொல்லிடறேன். இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் பாத்தாச்சு, நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நீலப் புகை இல்ல, தட்டற சத்தம் இல்ல. ஆனா முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் ரெண்டும் வெடிச்சு ரப்பர் தனியா இரும்பு தனியா நிக்குது. இடது பால் ஜாயின்ட் ஆடுது. பின்பக்க ஸ்ட்ரட் ஒண்ணுல எண்ணெய் கசிஞ்சு, அது மேல மண் ஒட்டி, மைசூர்பாகு மாதிரி கட்டியா நிக்குது. இந்த வண்டிக்குத்தான் பெரிய இன்ஜின் வைக்கணுமாம்.

இது எங்க நாலு பேர் சண்டை மட்டும்னா இங்க எழுதியிருக்க மாட்டேன். பழைய காரை டிராக்குக்குத் தயார் பண்ற பசங்க கிட்ட எல்லாம் இந்த வியாதி இருக்கு. முதல் வருஷம் இன்ஜின், ரெண்டாவது வருஷம் அதைவிடப் பெரிய இன்ஜின், மூணாவது வருஷம் வண்டி செட்டுக்குள்ள தார்ப்பாய்க்கு அடியில. சஸ்பென்ஷனுக்குக் காசு வர்றதே இல்ல.

ஏன் இப்படின்னு எனக்குத் தெரிஞ்ச பாடத்தை வச்சே யோசிச்சுப் பாத்தேன். எங்க அக்கவுண்டன்சி வகுப்புல முதல் வருஷமே சொல்லித் தர்றது, மூலதனச் செலவு வேற, வருவாய்ச் செலவு வேற. புது மெஷின் வாங்கினா அது சொத்து, இருப்புநிலைக் குறிப்புல போய் ஜம்முன்னு உக்காந்துக்கும். இருக்கற மெஷினுக்கு கிரீஸ் போட்டா அது செலவு, லாபத்துல இருந்து கழிஞ்சு அந்த வருஷத்தோட காணாமப் போயிடும். பசங்க மனசும் அப்படித்தான் கணக்கு எழுதுது. இன்ஜின் மாத்தினா 'எங்ககிட்ட 1.6 இருக்கு'ன்னு பத்து பேர்கிட்ட சொல்லலாம், பானெட்டைத் தூக்கிக் காட்டலாம், போட்டோ எடுக்கலாம். லோயர் ஆர்ம் புஷ் மாத்தினேன்னு எவன்கிட்ட சொல்றது? கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சாக்கூட அது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காசு செலவு பண்ண மனசு வராது, அவ்வளவுதான் காரணம். இதுக்கு மேல 'பவர் டு வெயிட்'னு இங்கிலீஷ்ல விளக்கம் குடுக்கறதெல்லாம் ஓட்டுப் போட்டதுக்கு அப்புறம் கண்டுபிடிச்ச கொள்கை.

சரி, கொள்கையையே எடுத்துப்போம். எம்.பி.எஃப்.ஐ எஸ்டீம் 85 குதிரைசக்தி. பலேனோ 1.6 சுமாரா 95. வித்தியாசம் பத்து. வயசான இன்ஜின்ல அந்தப் பத்துல எத்தனை உயிரோட இருக்குன்னு வாங்கற அன்னிக்கு யாருக்கும் தெரியாது. இழுவை கொஞ்சம் கூடும், ஒத்துக்கறேன். அந்தக் கூடுதல் இழுவை எங்க உதவும்? நேர்ப்பாதையில. செட்டிபாளையம் டிராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர், அதுல வளைவுதான் ஜாஸ்தி. நேர்ப்பாதையில காலை அழுத்தி மூச்சு விடறதுக்குள்ள அடுத்த பிரேக் வந்துடும்.

இப்ப வளைவுக்கு வாங்க. 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவுன்னு வச்சுக்கங்க. டயர் புவியீர்ப்புல 0.8 பங்கு அளவுக்குப் பக்கவாட்டுப் பிடி குடுத்தா, அந்த வளைவுல போக முடியற உச்ச வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். அதே பிடி 0.9 ஆச்சுன்னா கிட்டத்தட்ட 76. (பிசிக்ஸ் படிக்கிறவன் சரி பாத்துக்கலாம். பாத்துட்டும் அவன் இன்ஜினுக்குத்தான் ஓட்டு போட்டான்.) வெறும் நாலஞ்சு கிலோமீட்டர்தானேன்னு தோணும். ஆனா அது எல்லா வளைவுலயும் வருது. வளைவை விட்டு வெளிய வர்ற வேகம் அடுத்த நேர்ப்பாதை முழுக்கக் கூடவே ஓடி வருது. அதுக்கு பெட்ரோல் செலவு இல்ல, ரேடியேட்டர் சூடு இல்ல.

'சஸ்பென்ஷன் மாத்தினா டயரோட பிடி எப்படிடா கூடும், டயர் அதே டயர்தானே'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ரப்பரோட குணம் மாறாதுதான். ஆனா டயர் தரையில முழுசா உக்காந்தாத்தான் அதோட பிடி கிடைக்கும். ஷாக் அப்சார்பர் செத்துட்டா சின்ன மேடு வந்தாலே சக்கரம் துள்ளும். துள்ளற நேரத்துல அந்த டயர் மேல பாரம் குறையுது, பாரம் குறைஞ்சா பிடியும் குறையுது. புஷ் வெடிச்சிருந்தா அலைன்மென்ட் கடையில வச்ச கோணம் கடை வாசலோட சரி. பிரேக் அடிச்சா லோயர் ஆர்ம் பின்னாடி நகரும், சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் திரும்பும், ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கறவன் கையில திடீர்னு ஒரு இழுப்பு வரும். எங்க வண்டியில இது இன்னிக்கு நடக்குது. பிரேக் அடிக்கறப்ப வண்டி இடது பக்கம் முகர்ந்து பாக்குது. அதுக்கு எங்க பசங்க வச்ச பேரு 'கேரக்டர்'!

பால் ஜாயின்ட் விஷயத்துல நான் சிரிக்கத் தயாரா இல்ல. எஸ்டீம் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். மேல ஸ்ட்ரட் பிடிச்சிருக்கு, கீழ சக்கரத்தை வண்டியோட சேத்து வச்சிருக்கறது லோயர் ஆர்ம் நுனியில இருக்கற அந்த ஒத்தை பால் ஜாயின்ட்தான். அது கழண்டா சக்கரத்தோட அடிப்பாகம் வெளிய போய் மடங்கிக்கும், வண்டி மூக்குக் குத்தி உக்காரும். சந்தைக்குப் போற வேகத்துல நடந்தா ஃபெண்டர் போகும். டிராக்ல வளைவு நடுவுல நடந்தா என்ன ஆகும்னு நான் எழுதவேண்டியதில்ல. வேகம் கூடக் கூட ஆபத்து அதே விகிதத்துல கூடறதும் இல்ல. 100ல இருந்து 120க்குப் போனா வேகம் 20 சதவீதம்தான் கூடுது, வண்டி சுமந்துட்டுப் போற இயக்க ஆற்றல் 44 சதவீதம் கூடுது. அது மொத்தத்தையும் அதே பிரேக் தின்னாகணும், அதே புஷ் தாங்கணும். அதாவது பெரிய இன்ஜின் போடறது ஆடற பால் ஜாயின்ட்டுக்கு வேலையைக் கூட்டித் தர்றது. நாலு பேர் வீட்லயும் அம்மா அப்பா இருக்காங்கடா.

அடுத்தது, 60,000ல இன்ஜின் முடிஞ்சிடும்னு ஒரு கணக்கு காட்டினாங்க. வெறும் இன்ஜின் விலை அது. புதுப்பேட்டையில அலைஞ்சு இன்ஜினை வாங்கிட்டு வந்தா வேலை அங்கதான் ஆரம்பிக்குது. ஒரே ஜி வரிசை இன்ஜின்தான், ஆனா 1.6 உயரமான பிளாக், அப்படியே தூக்கி வச்சு போல்ட் போடற கதை இல்ல. மவுண்டைப் பாக்கணும். வயரிங்கும் ஈ.சி.யு.வும் அதே வண்டியோடது வேணும், இல்லன்னா எலக்ட்ரீஷியன் கிட்ட வண்டி வாரக்கணக்குல உக்காந்துடும். இன்ஜினை இறக்கின கையோட கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் மாத்தியே ஆகணும். அதையெல்லாம் விட்டுட்டு ஏத்திட்டு அப்புறம் ஒரு சீல் கசிஞ்சா மறுபடி முழுசா இறக்கணும். ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட், ஆயில். கூலி. இது எதுவுமே அவங்க காட்டின தாள்ல இல்ல. ஒரு பொருளோட அடக்கவிலைன்னா வாங்கின விலை மட்டும் இல்ல, அதை ஓடற நிலைக்குக் கொண்டு வர்ற வரைக்கும் ஆன எல்லாச் செலவும் சேரும். இது பி.காம் பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வி.

பாதி வேலையில காசு தீர்ந்துட்டா என்ன ஆகும்னும் தெரியும். 'இவ்வளவு போட்டாச்சு, இனி எப்படி நிறுத்தறது'ன்னு கடன் வாங்கி மேல போடுவோம். போன காசு போனதுதான், அடுத்த முடிவுக்கு அதைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு சங்க் காஸ்ட் பாடத்துல படிக்கிறோம். ஸ்டாண்டுல பாதி பிரிச்ச இன்ஜின் தொங்கறப்ப அந்தப் பாடம் ஒருத்தனுக்கும் ஞாபகம் வராது.

ஆர்.சி புத்தகம்னு ஒண்ணு இருக்கு, அதையும் மறந்துட்டாங்க. எங்ககிட்ட டிரெய்லர் கிடையாது, டிராக்குக்கு வண்டியை ரோட்லதான் ஓட்டிட்டுப் போறோம். இன்ஜின் நம்பரும் கன அளவும் ஆர்.சி.யில பதிவாகி இருக்கு. பதிவுல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. போற வழியில யார் மேலயாவது இடிச்சா இன்சூரன்ஸ்காரர் முதல்ல புரட்டறது அந்த நம்பரைத்தான். புஷ் மாத்தினதுக்கு எவரும் ஆர்.சி கேக்கப் போறதில்ல.

இவ்வளவும் பயந்தாங்கொள்ளி பேச்சுன்னு சொல்றவங்களுக்கு நம்ம ஊர்க் கதை ஒண்ணு. அந்த டிராக் யார் பேர்ல இருக்கு? எஸ். கரிவர்தன். கோயம்புத்தூர்க்காரர், ரேஸ் ஓட்டினவர், ரேஸ் கார் வடிவமைச்சவர், 1995ல விமான விபத்துல போயிட்டார். டிராக் 2003ல வந்தது. அவர் கொண்டு வந்தது ஃபார்முலா மாருதி. ஒத்தை சீட்டு ரேஸ் கார், உள்ள இருந்தது மாருதி 800ல வர்ற அதே 796 சிசி இன்ஜின். கல்யாண மண்டபத்துக்கு பந்தி சாமான் ஏத்திட்டுப் போற வண்டியோட இன்ஜினுங்க! அதுல ஆரம்பிச்ச பையன்தான் நரேன் கார்த்திகேயன், 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர். பெரிய இன்ஜின் கிடைக்காத காலத்துல சின்ன இன்ஜினை எடை குறைஞ்ச, ஒழுங்கா திரும்பற சட்டகத்துல வச்சு ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கத்துக் குடுத்தாரு அந்த மனுஷன். அவர் பேர் எழுதின வாசலுக்குள்ள ஆடற பால் ஜாயின்ட்டோட 1.6 இன்ஜினைக் கொண்டு போகணுமா?

அது பழைய கதைன்னா புதுக் கதையும் இருக்கு. அதே டிராக்ல தேசிய சாம்பியன்ஷிப்ல ஓடற எல்.ஜி.பி ஃபார்முலா 4 காரோட இன்ஜின், மாருதி ஸ்விஃப்ட்ல வந்த 1300 சிசி. எங்க எஸ்டீம்ல இருக்கறதும் அதே ஜி13 குடும்பம்தான். பட்டம் வாங்கறதுக்குப் போதுமான இன்ஜின் வருஷத்துக்கு நாலு ஞாயித்துக்கிழமை ஓட்டற நமக்குப் பத்தலையாம். அந்தக் கார் இதைவிட எவ்வளவோ லேசு, நம்மது நாலு கதவு வண்டி, அது உண்மை. அப்ப எடையைக் குறைங்க. டாஷ்போர்டுக்குக் கீழ இருக்கற ஹீட்டர் டப்பா எதுக்கு இன்னும்? கோயம்புத்தூர்ல ஹீட்டர்!

அமெரிக்காவுல அமெச்சூர் ரேஸ் ஓட்டறவங்க நிறைய பேர் மாஸ்டா மியாட்டா வச்சிருக்காங்க. 1989ல வந்தப்ப அதுல இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின்தான். ஸ்பெக் மியாட்டான்னு அதுக்குன்னே தனி வகுப்பு நடத்தறாங்க. எல்லாருக்கும் ஒரே ஸ்ப்ரிங், ஒரே ஷாக், இன்ஜின்ல பெருசா கை வைக்க முடியாது. அதுலயும் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவுல எக்கச்சக்க தூரம் விழுது. அந்த தூரத்தை எது உண்டாக்குதுன்னு நம்மாளுங்க கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, சஸ்பென்ஷனுக்குக் காசு போடுவோம்னு ஒருத்தன் பாதி இறங்கி வந்தான். சந்தோஷப்படறதுக்குள்ள அடுத்த குண்டு: 'ஸ்ப்ரிங்கை ஒரு சுத்து அறுத்துடலாம், வண்டி தாழ்வா நிக்கும், செலவே இல்ல.' ஐயா, ஸ்ப்ரிங்ல ஆறு சுத்து வேலை செய்யுதுன்னா ஒண்ணை அறுத்ததும் அது 20 சதவீதம் கடினமாகுது. பழைய ஷாக் அந்தக் கடினத்தை அடக்கறதுக்குச் செஞ்சது இல்ல. வண்டி தாழ்ந்ததால ஸ்ட்ரட் பாதி தூரம் அமுங்கியே நிக்கும், சின்ன குழிக்கே பம்ப் ஸ்டாப்ல போய் இடிக்கும். அது வளைவு நடுவுல இடிச்சா டயர் அந்த நொடியே பிடியை விட்டுடும். இதுல சிலர் கேஸ் வெல்டிங்ல சூடு காட்டி ஸ்ப்ரிங்கை உக்கார வைக்கறாங்க. ஸ்ப்ரிங்குக்கு உயிரே அதோட டெம்பர்தான், அதைச் சுட்டுட்டா அப்புறம் அது வெறும் வளைஞ்ச கம்பி.

வேலை செய்யற விதத்துலயும் ஒண்ணு சொல்லணும், இது நிறைய ஒர்க்‌ஷாப்லயே கவனிக்காம விடறது. ரப்பர் புஷ் போட்ட லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்குல, சக்கரம் தொங்கிட்டு இருக்கறப்ப முழுசா இறுக்கக் கூடாது. தொங்கற நிலையில இறுக்கினா ரப்பர் அந்தக் கோணத்துலயே மாட்டிக்கும். வண்டியைக் கீழ இறக்கினதும் அது முறுக்கிக்கிட்டே நிக்கும், நாள் பூரா முறுக்கு. ஓட்ட ஓட்டப் புது புஷ்ஷும் சீக்கிரமே கிழியும். அப்புறம் 'சாமான் டூப்ளிகேட்'னு கடைக்காரரைத் திட்டுவோம். போல்ட்டைக் கையால மாட்டிட்டு, சக்கரத்துல பாரம் வர்ற மாதிரி இறக்கி வச்சு, அதுக்கு அப்புறம் டார்க் ரெஞ்ச்ல இறுக்கணும். இதுக்குத் தனியா ஒரு பைசா செலவு இல்ல, பத்து நிமிஷப் பொறுமைதான். ஸ்ட்ரட்டைப் பிரிக்கறப்ப மட்டும் நல்ல ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் இல்லாம தொடாதீங்க. அமுங்கின ஸ்ப்ரிங் கையை விட்டா அது போற திசையில தலை இருக்கக் கூடாது.

ஆக என் பட்டியல் இது: லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ரெண்டும் (ஒண்ணுதான் ஆடுதுன்னாலும் ரெண்டும்), நாலு ஸ்ட்ரட், முன்பக்க டாப் மவுண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், கடைசியா அலைன்மென்ட். ஸ்ட்ரட்டைக் கழட்டாம அலைன்மென்ட் பண்ணிட்டு, அப்புறம் ஸ்ட்ரட் மாத்தினா அந்த அலைன்மென்ட் காசு வேஸ்ட், அதனால கடைசியா. மிச்சம் இருந்தா பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சினதும் அந்த அளவு 155க்குக் கூட இறங்கலாம். எங்க வண்டியில இருக்கற ஆயில் எந்த வருஷத்துதுன்னு நோட்டுல தேடினேன், பதிவே இல்ல. வண்டியை வித்தவர் ஊத்தினதுதான் இன்னும் ஓடுது போல.

இன்ஜினை எப்பவுமே மாத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. கம்ப்ரஷன் போயிட்டா, பேரிங் தட்டினா, பிளாக் வெடிச்சா மாத்தித்தான் ஆகணும். அப்பவும் அதே 1.3ஐ நல்லதாப் பாத்துப் போடுங்க. இருக்கற வயரிங், இருக்கற மவுண்ட், இருக்கற ரேடியேட்டர் எல்லாம் அப்படியே உதவும், வண்டி ஒரு வாரத்துல ரோட்டுக்கு வரும். (இன்ஜின் நம்பரை ஆர்.டி.ஓ ஆபீஸ்ல மாத்திப் பதிய மறக்கக் கூடாது.) எஸ்டீம் 2007லயே நின்னு போச்சு, ஆனா ஜி13 கிடைக்கறது கஷ்டமே இல்ல.

கடைசியா அவங்களோட பிரம்மாஸ்திரம்: 'இது ஹாபிடா, ஜாலிக்குத்தான் பண்றோம், எல்லாத்துலயும் கணக்குப் பாக்காதே.' ஜாலிக்குத்தான், சரி. எது ஜாலி? போன டிராக் டேயில எங்களுக்கு முன்னாடி ஒரு பழைய ஜென் போச்சு. பாக்க கேவலமா இருந்துச்சு, பம்பர்ல கயிறு கட்டியிருந்தாங்க. நேர்ப்பாதையில நாம அதைப் பிடிச்சோம். வளைவு வந்ததும் அது கோடு போட்ட மாதிரி திரும்பி ஓடிடுச்சு, நாம ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டிட்டு இருந்தோம். நாலு ரவுண்டுல அது கண்ணுக்கே தெரியல. இறங்கி வந்து அந்த ஜென்காரர்கிட்ட என்ன இன்ஜின்னு கேட்டது நம்ம மெக்கானிக்கல் ஆளுதான். அவரு 'கம்பெனி இன்ஜின்தானுங்க தம்பி, ஷாக்கு மட்டும் புதுசு'ன்னு சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். அதைக் கேட்டுட்டு வந்துதான் இவன் 1.6க்குக் கை தூக்கினான்.

வர்ற ஞாயித்துக்கிழமை மறு ஓட்டெடுப்பு. நோட்டு என்கிட்ட இருக்கு, பெட்டிச் சாவியும் என்கிட்டதான் இருக்கு. மூணு பேரும் அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. முன்பக்கத்தை ஜாக்குல தூக்கி வச்சு, இடது சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுங்க. கையில தெரியற அந்த 'டக் டக்'கை உணர்ந்துட்டு, அப்புறமும் இன்ஜின்தான் வேணும்னு தோணினா எனக்கு எதிரே உக்காந்து சொல்லுங்க. என் பங்கு 15,000ஐ அப்ப தனியா எழுதி எடுத்துக்கறேன், அந்த வண்டியில பக்கத்து சீட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க.